மேல்பக்கம் தெரியாத மண்கட்டி

ஒன்பதாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. பள்ளிக்கூடம் இருந்த ஊரை விட்டே எல்லோரும் ஓடினோம். படிப்பு அங்கேயே கிடந்தது. பிறகு ஒரு படகு, ஆஸ்திரேலியாவில் ஒரு முகாம், டூங்கபியில் உறவினர் வீட்டுக் கராஜ், மில்டூராவில் திராட்சைத் தோட்டம், ட்ருகனினாவில் சாமான் கிடங்கு. ஒரு வேலையிலும் எட்டு மாதத்துக்கு மேல் நான் நின்றதில்லை. இப்படிப்பட்ட என்னை 2012இல் ஓர் அறிஞர் சங்கத்தின் மாணவர் பிரிவில் சேர்த்தார்கள். அந்தப் பிரிவு என்ன நிலைமையில் இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

கிரெய்கிபர்னில் புதுக் குடியிருப்புகள் எழுப்புமுன் பழங்குடி மக்களின் தடயங்களைத் தேடித் தோண்டினார்கள். அங்கே மண் சலிக்கும் வேலைக்கு, கூலியாள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்சி என்னை அனுப்பியது. வாளியில் மண் வரும். தண்ணீர் அடித்துச் சலித்தால் கல்லாயுதம் செய்தபோது தெறித்த சில்லுகள் வலையில் தங்கும். அந்த இடத்தை வைத்து முதுநிலை ஆய்வு செய்துகொண்டிருந்த மாணவி ஒருத்தி, யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு மெல்பேர்னில் பிறந்தவள். நான் தமிழன் என்று அறிந்த அன்றே ஒரு படிவத்தை நீட்டினாள்.

“அண்ணா, நீங்க ஸ்டூடன்ட்தானே?”

“பின்னேரத்தில இங்கிலிஷ் கிளாசுக்குப் போறனான். அதெல்லாம் ஒரு படிப்போ?”

“ரூல்ஸில ‘ஏதாவது ஒரு இடத்தில படிக்கிறவர்’ எண்டுதான் கிடக்கு. சைன் பண்ணுங்கோ. அஞ்சு பேர் இல்லாட்டி பிராஞ்சை மூடிப்போடுவினம்.”

கையெழுத்துப் போட்டேன். மண்ணையும் கல்லையும் படித்துப் பழைய மனிதரின் வாழ்வை அறிகிறவர்களின் சங்கம் அது. மாணவர்களே நமது எதிர்காலம் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் தலைவர் சொல்வார். அவர் சொல்லும்போது எதிர்காலம் பின்சுவரோரம் கதிரை அடுக்கிக்கொண்டிருக்கும். பெயர் அட்டை குத்துவது, தேநீர் வாளி தூக்குவது, வராதவர்களின் சாப்பாட்டுப் பெட்டியைத் திருப்பிக் கொடுப்பது: மாணவர் பங்களிப்பு என்றால் இவ்வளவுதான். ஐந்து பேரில் கூட்டத்துக்கு ஒழுங்காக வந்தது நாங்கள் இரண்டு பேர். மற்ற மூவரும் மின்னஞ்சலில் மட்டும் உயிர் வாழ்ந்தார்கள். மாணவர் பங்களிப்பை எப்படி அதிகரிக்கலாம் என்று ஒருமுறை இரண்டு மணித்தியாலம் பேசினார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆனால் ஒரு நல்ல காரியமும் அந்தச் சங்கத்தில் இருந்தது. வருடத்துக்கு ஒரு மாணவரின் மண்கட்டியைச் சிட்னியில் ஓர் ஆய்வுகூடம் இலவசமாக ஆய்வுக்கு எடுக்கும். பிசின் ஊற்றி இறுக்கி, கண்ணாடிபோல் மெல்லிசாகச் சீவிக் கொடுக்கும். நுண்ணோக்கியில் வைத்தால் எந்தப் படிவின் மேல் எந்தப் படிவு விழுந்தது என்று தெரியும். அந்த வருடம் அது என்னைச் சேர்த்த மாணவிக்குக் கிடைத்தது.

அவளுடைய கேள்வியை எனக்கே விளங்கும்படி சொல்லியிருந்தாள். கிரெய்கிபர்ன் ஓடைக்கரையில் ஒரு பெருவெள்ளம் வண்டல் போட்டிருக்கிறது. அங்கே கல் உடைத்த மனிதர் வெள்ளத்துக்கு முன்னர் இருந்தவர்களா, பின்னர் வந்தவர்களா? வண்டலுக்கு மேலே சில்லு என்றால் பின்னர். கீழே என்றால் முன்னர். குழிச்சுவரில் வெறுங்கண்ணுக்கு எல்லாம் ஒரே கறுப்புக் களிமண். அதனால் பாண் ரொட்டி அளவு கட்டி ஒன்றை வெட்டி, கழிவறைக் காகிதத்தால் சுற்றி, அதன்மேல் பெட்டி ஒட்டும் பழுப்பு டேப்பை இறுக்கினாள். அப்படித்தான் உலகம் முழுக்கச் செய்கிறார்களாம். எது மேல்பக்கம் என்று டேப்பில் ஓர் அம்புக்குறி. ஒரு வருட ஆய்வும் அந்த அம்பில் நின்றது. அடுத்த வாரமே அந்தக் குழிமேல் கொங்கிறீட் ஊற்றிவிட்டார்கள். ஏஜென்சி என்னை மறுபடி கிடங்குக்கு அனுப்பியது.

ஆண்டுக் கூட்டம் சிட்னியில். கட்டியை இரண்டாம் நாள் ஆய்வுகூடக்காரரிடம் கொடுக்க வேண்டும். முதல்நாள் காலை அவளைக் கதிரை தூக்க மேல்மாடிக்கு அனுப்பிவிட்டு, அந்தக் கட்டியை வைத்து வாசலில் ஒரு காட்சி மேசை போடும்படி என்னிடம் சொன்னார்கள். சங்கச் செயலாளர் வந்து பார்த்தார். டேப் சுற்றிய பொதியைப் பார்க்க யார் வருவார்கள், சனத்துக்கு மண்ணைப் பார்க்கத்தான் விருப்பம், பிரித்து வையுங்கள் என்றார்.

பிரித்தேன். கிடங்கில் ஆயிரம் தரம் செய்த வேலை. சாமான் தட்டுக்கு, உறை குப்பைக்கு. வடிவாகத் தெரியட்டும் என்று கட்டியை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்து, நல்ல பக்கமாக வைத்தேன். உதிர்ந்ததைத் துடைத்தேன். குப்பைப் பையையும் கட்டிக் கொண்டுபோய் வெளியே போட்டேன். மாநகரசபைக் குப்பை லொறி உடனே வந்து அள்ளிக்கொண்டு போனது. ஒரு லொறியும் இவ்வளவு சரியான நேரத்துக்கு வந்ததை நான் கண்டதில்லை.

அவள் இறங்கி வந்து மேசையைப் பார்த்தாள்.

“அண்ணா, டேப் எங்க?”

“எறிஞ்சிட்டன். ஏன்?”

“அதிலதானே அம்புக்குறி இருந்தது!”

எனக்கு அப்போதுதான் உறைத்தது.

“ஆர் பிரிக்கச் சொன்னது?”

“செயலாளர்.”

“அவர் சொன்னா? அவர் நாளைக்குக் குதியெண்டா குதிப்பீங்களோ?”

“நீயும் மண்ணில ஒரு கீறுக் கீறியிருக்கலாம்தானே!”

“ஓம், என்ர பிழைதான். எல்லாம் என்ர பிழை. கதிரை தூக்கப் போனதும் என்ர பிழை.”

செயலாளரிடம் போனோம். அவர் பதறவில்லை. இரண்டு பக்கம்தானே, பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறது, உன் ஊகத்துக்குப் பொருந்தும் பக்கத்தை மேலே வைத்துக்கொள் என்றார். அவர் பேராசிரியர். நான் ஒன்பதாம் வகுப்பு. அந்தக் கணத்தில் எனக்கு வந்த கோபத்துக்கு ஆங்கிலத்தில் எனக்குத் தெரிந்த ஒரே சொல் சபையில் சொல்லக்கூடியது அல்ல. அவள் “நோ” என்றாள். நேரே ஆய்வுகூடக்காரரிடம் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் தலையைச் சொறிந்தார். இந்தக் கட்டி உதவாது, இரண்டு கிழமைக்குள் வேறொன்று வந்தால் எடுப்பேன், அதற்குமேல் இடமில்லை என்றார்.

மெல்பேர்ன் திரும்பி நேரே கிரெய்கிபர்னுக்குப் போனோம். எங்கள் குழி இருந்த இடத்தில் ஒரு வீட்டின் கராஜ். பக்கத்துக் காணியில், அதே கறுப்புக் களிமண்ணில், கழிவுநீர்க் குழாய்க்கு வாய்க்கால் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அந்த நிலத்துக்குரிய பழங்குடி மக்களின் சார்பில் ஒருவர் தோண்டும் நாளெல்லாம் அங்கே நிற்பார், எங்களைத் தெரிந்தவர். உங்கள் ஆய்வு அனுமதி இன்னும் முடியவில்லை, அது இந்தக் காணிக்கும் செல்லும், ஆனால் எடுத்த கட்டியை நீங்கள் நாசமாக்கிவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன் என்றார். நான் ஓம் என்றேன். ஒன்று வெட்டுங்கள், இரண்டாவது கிடையாது என்றார். இயந்திரக்காரரின் தேநீர் இடைவேளை எங்களுக்குக் கிடைத்த நேரம்.

அவள் கத்தியோடு வாய்க்காலுக்குள் இறங்கினாள். நான் தொடாமல் நின்றேன்.

“என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீங்கள்? கீழ கையைக் குடுங்கோ, விழப்போகுது.”

“நானோ?”

“வேற ஆர் இருக்கினம், அண்ணா? கொமிட்டியோ?”

கையைக் கொடுத்தேன். கட்டி ஈரமாக, எதிர்பார்த்ததைவிடப் பாரமாக இறங்கியது. மண்ணிலேயே ஆணியால் அம்பு கீறினாள். டேப்பிலும் போட்டாள்.

அவளுக்கு வகுப்பு எடுக்க வேண்டியிருந்தது. நான் கிடங்கில் சொல்லாமலே வேலைக்குப் போகாமல், பகல் ரயிலில் சிட்னிக்குக் கொண்டுபோனேன். பதினொரு மணித்தியாலம் மடியில். கிடங்கு வேலை போனது. அது எப்படியும் போகவிருந்த வேலைதான்.

முடிவு வர மூன்று மாதமானது. ஷெப்பர்டனில் பேரிக்காய் மரத்து ஏணியில் நின்றபோது அவள் அழைத்தாள்.

“சில்லு கீழதான், அண்ணா. வெள்ளம் பிறகுதான் வந்திருக்கு.”

“நிச்சயமோ?”

“நிச்சயம்.”

இன்னொருதரம் சொல்லச் சொன்னேன். சொன்னாள். கீழே நின்ற மேற்பார்வையாளர் கத்தத் தொடங்கியதும் போனைச் சட்டைப்பைக்குள் போட்டேன்.