அண்டாவில் பிடித்த மழை

என் வீட்டு வாசலில் ஒரு பித்தளை அண்டாவைச் சேர்த்துவிட்டுப் போனவர், அதை அன்பில் கொடுத்தாரா, கோபத்தில் கொடுத்தாரா? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை. லேப் வேலைக்குப் புதிதாக வரும் பெண்களுக்கு உதவும் என்று நினைத்து இதை எழுதுகிறேன். உதவுமா என்பதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு.

1. இரண்டே விசில்

கோவையில் இரும்பு வார்க்கும் ஒரு ஃபவுண்டரியில் நான் லேப் கெமிஸ்ட். அச்சு எடுக்கும் மோல்டிங் மணலைச் சோதிப்பது, தண்ணீரின் பி.எச். பார்த்து ரிஜிஸ்டரில் எழுதுவது என் வேலை. கணவருக்கு வால்பாறையில் தேயிலை ஃபேக்டரியில் உத்தியோகம். பதினைந்து நாளைக்கு ஒருமுறை வருவார். மற்ற நாட்களில் ஃபவுண்டரிக்குப் பின்னால் உள்ள லைன் வீட்டில் நானும் இரண்டரை வயது மகள் கவியும் மட்டும்தான்.

நான் வேலைக்குப் போகும்போது கவியைப் பார்த்துக்கொண்டவர் பக்கத்து வீட்டுச் சரசக்கா. நாற்பது வயதிருக்கும். பிள்ளைகள் இல்லை, கணவரும் இல்லை. அந்தத் தெருவில் நான் தினமும் பேசிய ஒரே ஆள் அவர்தான்.

எங்கள் பக்கம் போர்வெல் தண்ணீர் ஒரே உப்பு. குழாய்த் தண்ணீர் வாரத்தில் ஒருநாள் வந்தால் பெரிது. அதனால் மழை பெய்தால் சரசக்கா தகரக் கூரையிலிருந்து விழும் தண்ணீரை ஒரு பித்தளை அண்டாவில் பிடித்து வைப்பார்.

"போர் தண்ணியில பருப்பு வேகவே மாட்டேங்குது கண்ணு. மழைத்தண்ணின்னா ரெண்டே விசில்" என்பார். கவிக்குக் கஞ்சி காய்ச்சுவதும் அதில்தான்.

ஒரு ஐப்பசியில் அவர் கூரையில் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழுந்தது. முருங்கை இலையெல்லாம் பழுப்புப் புள்ளி.

"ஏனுங்க அம்மணி, நீங்க தண்ணி டெஸ்ட் பண்றவிங்கதானுங்களே. இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன். புள்ளைக்குக் குடுக்கறதாச்சே" என்றார்.

அண்டாவிலிருந்து ஒரு பாட்டிலில் எடுத்துப் போய்ப் பார்த்தேன். பி.எச். 6.8. சுத்தத் தண்ணீருக்கு ஏழு; எண் குறையக் குறைய அமிலம் கூடும். இது ஏழுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

"நல்ல தண்ணிங்க அக்கா" என்றேன்.

"படிச்ச புள்ள சொல்லிப்போட்டா அப்புறம் என்ன! இனி கவிக்குட்டிக்கு இன்னொரு கரண்டி சேர்த்து ஊத்தறேன்" என்று சிரித்தார்.

2. வேலையை முடித்துவிட்டு வந்த அமிலம்

சொல்லிவிட்டேனே தவிர அந்த ஓட்டைகள் மனதை விட்டுப் போகவில்லை. தண்ணீர் நல்லதென்றால் தகரம் எதனால் போனது? அடுத்த மழைக்கு, லேப் மாடியில் கழுவிக் காயவைத்த ஒரு பிளாஸ்டிக் பேசினை வைத்தேன். கூரை, குழாய் எதையும் தொடாமல் வானத்திலிருந்து நேராக விழுந்த தண்ணீர்.

மீட்டர் 4.4 காட்டியது. பி.எச். தெரிந்த பஃபர் கரைசலில் மீட்டரைச் சரிபார்த்து மறுபடி பார்த்தேன். 4.4. அதே மழையில் சரசக்கா அண்டாவில் பிடித்த தண்ணீர் 6.7.

எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். மழைத்தண்ணீர் இயற்கையிலேயே கொஞ்சம் புளிப்புத்தான். காற்றிலுள்ள கரியமிலவாயு கரைவதால் 5.6 அளவில் இருக்கும். இரும்பை உருக்கும் எங்கள் கியூபோலா உலையில் எரியும் கோக் கரியில் கந்தகம் உண்டு. அது எரிந்து கந்தக டை ஆக்சைடாகப் புகையில் போகிறது. ஜெனரேட்டர், லாரிப் புகையில் நைட்ரஜன் ஆக்சைடுகள். இரண்டும் காற்றின் ஈரத்தில் சேர்ந்து கந்தக அமிலமாகவும் நைட்ரிக் அமிலமாகவும் மாறி மழையோடு இறங்குகின்றன. இலை கருகும், மண்ணின் சத்துப் போகும், குளத்து மீன் சாகும், இரும்பும் சலவைக்கல்லும் அரித்துப்போகும்.

அண்டாத் தண்ணீர் நல்ல எண்ணைக் காட்டியதற்குக் காரணம், அந்த அமிலம் தகரத்தின் மேலுள்ள துத்தநாகத்தைத் தின்றுவிட்டு வந்ததுதான். அண்டாவுக்குள்ளும் வெள்ளீயப் பூச்சு திட்டுத் திட்டாகப் போய்ப் பித்தளை தெரிந்ததை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பார்த்தும் யோசிக்கவில்லை. வேலையை முடித்துவிட்டு வந்த அமிலத்தை அளந்து, நல்லது என்று சொல்லியிருந்தேன். தின்ற உலோகமெல்லாம் அந்தத் தண்ணீரில். அது என் மகளின் கஞ்சியில்.

3. குத்தம் யாருக்கு

அன்று மாலை கவியை அழைத்துவரப் போனேன். எப்படித் தொடங்குவது என்று வழியெல்லாம் யோசித்தும் தவறாகவே தொடங்கினேன்.

"அக்கா, இனிமே அண்டாத் தண்ணியைக் கவிக்குக் குடுக்காதீங்க. ஈயம் போயிருச்சு. தகரமும் கரையுதுங்க."

கவியின் தலையை வாரிக்கொண்டிருந்தவர் சீப்பை நிறுத்தினார். "அப்ப இத்தனை நாளா உங்க புள்ளைக்கு நஞ்சு கலக்கிக் குடுத்துப்போட்டனாக்கும்?"

"அப்படிச் சொல்லலீங்க அக்கா..."

"நல்ல தண்ணின்னு நீங்கதானுங்களே சொன்னீங்க?"

"ஆமாங்க. அது நான் பார்த்த விதம்..."

"புகை விடறது உங்க பவுண்டரி. குத்தம் மட்டும் என்ற அண்டாவுக்கா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. பின்னலை முடித்து, ரிப்பன் கட்டி, கவியை என் கையில் கொடுத்தார். "நாளைக்கு ஒறம்பரைக வாராங்க. புள்ளையைப் பார்த்துக்க முடியாதுங்க" என்றார். அவர் வீட்டுக்கு உறவினர் வந்து நான் பார்த்ததே இல்லை.

கவியை டாக்டரிடம் காட்டினேன். ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறாள் என்றார். இரண்டு முறை கேட்டுக்கொண்டேன். எஸ்.டி.டி. பூத்திலிருந்து கணவரைக் கூப்பிட்டேன். "அதான் ஒண்ணுமில்லீன்னுட்டாங்களே, விடு" என்றார். சரசக்காவைப் பற்றிச் சொல்வதற்குள் பின்னால் நின்றவர் கதவைத் தட்டிவிட்டார்.

4. சுண்ணாம்பு

எங்கள் புகைபோக்கியில் ஸ்க்ரப்பர் இருந்தது. புகையைச் சுண்ணாம்புத் தண்ணீரால் கழுவி, கந்தகத்தைப் பிடித்துவிடும் அமைப்பு அது. ஆனால் சுண்ணாம்பு, தண்ணீர் பீய்ச்சும் நாசிலை அடைக்கிறது என்று, நான் இல்லாத ஷிஃப்டில் வெறும் தண்ணீரை ஓட்டுவார்கள். எனக்கு அது தெரியும். என் ஷிஃப்டில் ரீடிங் சரியாக இருந்தால் போதும் என்று இருந்துவிட்டேன்.

மேனேஜர் மேஜையில் வானத்துத் தண்ணீர், அண்டாத் தண்ணீர் என்று இரண்டு பாட்டில்களையும் வைத்தேன்.

"மழை நம்ம டிபார்ட்மெண்ட் இல்லீங்களே அம்மணி. நீங்க மணலைப் பாருங்க" என்றார்.

"நம்ம ஷெட்டுக் கூரையும் அதே தகரந்தானுங்க சார்" என்றேன்.

பேசிக்கொண்டிருந்தவர் அண்ணாந்து பார்த்தார். அடுத்த வாரமே சுண்ணாம்புத் தொட்டியில் வடிகட்டும் வலை வந்தது. எல்லா ஷிஃப்டிலும் சுண்ணாம்பு போட உத்தரவானது. கந்தகம் குறைந்த கோக்குக்கும் ஆர்டர் கொடுத்தார்கள். அதன் பிறகு பெய்த மழைகளில் 5.1, 5.3 என்று வந்தது. எங்கள் வேலையாலா, காற்றுத் திசை மாறியதாலா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

இதைச் சரசக்காவிடம் சொல்லப் போனேன். கதவு பூட்டியிருந்தது. வெள்ளகோவிலில் உள்ள தம்பி வீட்டோடு போய்விட்டார் என்றார் வீட்டுச் சொந்தக்காரர். மறுநாள் காலை என் வாசலில் அந்த அண்டா இருந்தது. யாரிடம் கொடுத்து வைக்கச் சொன்னார் என்று தெரியாது. உள்ளே பார்த்தேன். புதிதாக ஈயம் பூசிப் பளபளவென்று இருந்தது.

லேப் பெண்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். மழையை வானத்திலிருந்து நேராகப் பிடியுங்கள். எண் நன்றாக வந்தால், அது எதைத் தின்றுவிட்டு வந்தது என்று பாருங்கள். தவறைச் சொல்லப் போகும்போது உங்கள் தவறிலிருந்து தொடங்குங்கள். நான் அண்டாவிலிருந்து தொடங்கினேன்.

மழை வந்தால் கவி இப்போதும் பூட்டிய கதவைத் தட்டப் போகிறாள். நான் அந்த அண்டாவில் இன்னும் தண்ணீர் பிடிக்கவில்லை. வெள்ளகோவில் பஸ் ஏறிப் போகலாமா? போனால் அண்டாவை எடுத்துக்கொண்டு போவதா, கவியை மட்டும் அழைத்துப் போவதா? வயதிலும் அனுபவத்திலும் என்னைவிட மூத்தவர்கள் யாராவது தயவுசெய்து எழுதுங்கள்.