பாரிவாக்கத்தில் தோண்டாத மனை

பாரிவாக்கம் ஏரிக்குப் பக்கத்துக் காலி மனையில் என் சிநேகிதி நந்தினி, மண்ணுக்கடியில் இருப்பதைக் காட்டும் ரேடார் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கிறாள். தொல்லியல் ஆய்வு அவள் வேலை. பூந்தமல்லி போகும் வழியில் அவளைப் பார்க்க இறங்கியிருக்கிறேன். கயிறு கட்டிய கோடுகளில் போவதும் திரும்புவதுமாகவே காலை கழிகிறது.

மனைக்காரர் முருகேசன் காக்கிச் சட்டையோடு வேப்பமரத்தடியில் நிற்கிறார். அம்பத்தூரில் லேத் ஓட்டுகிறவர். அஸ்திவாரம் தோண்டும்போது கறுப்பும் சிவப்புமாகப் பானை ஓடுகள் வந்ததால் வீட்டு வேலை நின்றிருக்கிறது.

மதியம் வேனுக்குள் நந்தினி லேப்டாப்பைத் திறக்கிறாள். திரையில் மனை ஒரு கண்ணாடிப் பெட்டிபோல எழுகிறது. அதைச் சுழற்றிக் காட்டுகிறாள். இடுப்பளவு ஆழத்தில் வட்டமாகக் கற்கள். உள்ளே முட்டை வடிவில் மூன்று உருவங்கள்.

"இன்னா மேடம் அது?" கூடவே வந்த முருகேசன் கேட்கிறார்.

"முதுமக்கள் தாழியா இருக்கலாம் சார். செத்தவங்களைப் புதைச்ச பானை. தோண்டினாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்."

முருகேசன் திரைக்கு அருகே குனிகிறார். "இது மட்டும் குட்டியா கீதே. கொழந்தையா?"

"அதை ரேடார் சொல்லாது சார்."

அவர் திரையில் அந்தச் சின்ன உருவத்தை விரலால் தொடுகிறார். பிறகு வெளியே போய் மனைவிக்குப் போன் போடுகிறார்.

"ஊட்டுக்கு வேற எடம் பாக்கலாம்மா. இல்ல, அவுங்க ஒண்ணும் சொல்லல. நான்தான் சொல்றேன்."