கயிற்றுக்கு இந்தப் பக்கம் தோன்

மலைப் பள்ளத்தாக்குகளில் வாழும் எங்கள் டாய் இனத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளைக்கு வாய் கிடையாது. அவனுக்காகப் பாட ஓர் ஆளைக் கூட்டிப் போக வேண்டும். பெண் வீட்டார் வழியில் கயிறு கட்டுவார்கள், பாடினால்தான் இறக்குவார்கள். உள்ளே போனால் பாயைக் குப்புறப் போட்டிருப்பார்கள். அதைத் திருப்பிப் போடச் சொல்ல இன்னொரு பாட்டு. பாடாமல் உட்கார்ந்தீர்களோ, தொலைந்தீர்கள். சாராயத்தை ஊற்றியே சாய்த்துவிடுவார்கள்.

இந்த வேலைக்கு என் மச்சான் நோங் தோனை விட்டால் ஆள் கிடையாது. பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு எங்கள் பேச்சு மாறும். நாலோங்காரர்கள் இழுப்பார்கள், பான்காவ்காரர்கள் பாதிச் சொல்லை விழுங்கிவிடுவார்கள். தோன் எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்க்காரராகவே பாடுவார். கேட்கிறவர்கள் "நம்ம ஆளுடா!" என்று கயிற்றை இறக்கிவிடுவார்கள். ஆனால் சொந்த ஊரான கேவ்சானின் பேச்சை மட்டும் மனிதர் வெளியே எடுக்கவே மாட்டார். அது தொண்டையில் கிடந்து உருளும் பேச்சு. சந்தையில் யாராவது கேட்டால், "என்னங்க, எருமை ஓட்டுறீங்களா?" என்று கேலி செய்வார்கள்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். ஊராருக்கெல்லாம் பெண் வாங்கித் தந்த அந்த வாய், தனக்கென்று வந்தபோது ஒட்டிக்கொண்டது. மனைவியை இழந்து பல வருடம் தனியாக இருந்தவருக்கு நாலோங்கில் நெசவு செய்யும் பியோக் மேல் ஆசை. நேரில் கேட்க வெட்கப்பட்டு என்னைத் தூது அனுப்பினார்.

"உங்க மச்சான் பத்து ஊருக் குரல்ல பாடுறாரு. அதுல எது அவரோடது? அது தெரியாம எவளாச்சும் கூட வருவாளா?" என்றார் பியோக். தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டார்.

அறுவடை முடிந்ததும் நாலோங்கிலேயே ஒரு கல்யாணம் வந்தது. பெண் வீட்டுக்காகக் கயிற்றைப் பிடித்து நின்றது பியோக்! தோனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எப்படியோ நாலோங் பேச்சில் பாடி முடித்தார். கயிறு இறங்கியது. மாப்பிள்ளை போனான், தோழர்கள் போனார்கள். தோன் காலெடுத்து வைத்ததும் கயிறு மறுபடி ஏறிவிட்டது. பெண் வீட்டுக்குச் சீராகக் கொண்டுவந்த வாட்டிய பன்றியைத் தோளில் சுமந்துகொண்டு நான் அவருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டேன்.

"மாப்பிள்ளைக்குப் பாடிட்டீங்க. உங்களுக்கு?" என்றார் பியோக்.

தோன் மறுபடியும் நாலோங் பேச்சிலேயே ஆரம்பித்தார்.

"அது எங்க ஊருப் பேச்சு. எங்க வீட்டுலயே நெறையக் கெடக்கு. உங்க ஊருது எங்க?"

"சிரிப்பாங்கம்மா..."

"சிரிக்கட்டுமே. நான் நிக்கிறேன்ல?"

எனக்குப் பொறுக்கவில்லை. "மச்சான், பாடித் தொலைங்க! பன்னி கனக்குது!"

தோன் கண்ணை மூடிக்கொண்டு கேவ்சான் பேச்சில் பாடினார். அலங்காரம் ஒன்றுமில்லை. வீட்டில் அடுப்பு எரிகிறது, பக்கத்தில் ஒரே ஒரு கிண்ணம். இன்னொன்றும் வைக்க ஆசை. அவ்வளவுதான் பாட்டு. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கோ கண் கலங்கிவிட்டது. பியோக் மட்டும் சிரிக்காமல் கடைசிவரை கேட்டுவிட்டு, கயிற்றைக் கீழே போட்டார்.

உள்ளே போனோம். கூடத்தில் பாய்கள் எல்லாம் குப்புறக் கிடந்தன. தோன் உட்கார வேண்டிய பாய் மட்டும் நேராக விரித்திருந்தது. இது யார் வேலை என்று மணப்பெண்ணின் தங்கையிடம் கேட்டேன்.

"பியோக் அக்காதான். காலையிலயே விரிச்சுட்டுத்தான் கயிறு பிடிக்கப் போனாங்க," என்றாள்.