அக்காவைக் கேட்டுச் சொல்கிறேன்

அந்த ஷோரூமில் இருந்த விற்பனையாளர் எதைக் கேட்டாலும் ஒரே பதிலைத்தான் சொன்னார். "மேனேஜரைக் கேட்டுட்டு வந்துடறேன் சார்." விலையில் இன்னும் கொஞ்சம் குறையுமா என்றால் மேனேஜர். சீட் கவர் வேண்டாம், அந்தக் காசைக் கழித்துக்கொள்வீர்களா என்றால் அதற்கும் மேனேஜர். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நிற்பார். அவர் வாய் அசைவதும் உள்ளே இருந்தவர் தலை அசைவதும் எனக்குத் தெரியும். திரும்பி வரும்போது, எனக்காகச் சண்டை போட்டுத் தோற்றவர் போல முகத்தை வைத்துக்கொண்டு வருவார்.

மூன்றாவது முறை போய் வந்து, "எட்டு அம்பத்தி நாலு சார், ஆன்ரோடு. பத்தாயிரம் டிஸ்கவுண்ட் போட்டாச்சு. இதுக்கு மேல என் கையில இல்ல. இப்பவே சொல்லிடுங்க" என்றார். எனக்கும் கேட்டு வருவதற்கு ஓர் ஆள் இருந்தால் தேவலை என்று பட்டது.

"அக்காட்ட கேட்டுச் சொல்லுதேன் சார்" என்றேன்.

எனக்கு அக்கா கிடையாது. வீட்டில் நான்தான் மூத்தவன், எனக்குக் கீழே ஒரு தம்பி. ஆனால் அந்தச் சொல் வாயில் தயாராக இருந்தது. ஏழு வருடமாக ஒரு நாளைக்கு மூன்று வேளை சொல்லிப் பழகிய சொல். "அக்கா, இன்னொரு கரண்டி சாம்பார்." "அக்கா, இன்னிக்கு நைட் ஷிஃப்ட், பார்சல் கட்டி வச்சிருங்க."

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஐ.டி.ஐ. சான்றிதழோடு ஒரகடத்துக்கு வந்து, ஓர் உதிரிபாகக் கம்பெனியில் மெயின்டனன்ஸ் பிரிவில் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒரு மெஸ்ஸில் கணக்கு வைத்துவிட்டேன். அதை நடத்திய அக்கா உள்ளூர்க்காரர். என்னைவிட எட்டு, பத்து வயது மூத்தவராக இருப்பார். தன் வீட்டு வாசலில் தகரக் கொட்டகை போட்டு, நான்கு பெஞ்சும் இரண்டு பெரிய அடுப்பும் வைத்து நடத்திவந்தார். கணவர் ஒரு கிடங்கில் செக்யூரிட்டி. எங்களில் யார் எந்த ஷிஃப்ட், யாருக்குக் கத்தரிக்காய் ஆகாது, யார் ஊருக்குப் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறான் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

எனக்குக் கல்யாணமாகி ஐந்து வருடம் ஆகியிருந்தது. மனைவியும் மகளும் ஊரில் இருந்தார்கள். அந்த வருடம் மனைவிக்குத் தண்டலத்தில் ஒரு கல்லூரியில் லேப் உதவியாளர் வேலை கிடைத்தது. மணிமங்கலத்தில் ஒரு வீடு வாடகைக்குப் பேசி முடித்தேன். அங்கிருந்து தண்டலத்துக்குப் பஸ் மாறி மாறிப் போய்வர அவளுக்கு நாளில் பாதி போய்விடும். அதனால் கார். ஓட்டப்போவது அவள்தான். ஊரிலேயே பழகி லைசென்ஸும் எடுத்து வைத்திருந்தாள். எனக்குக் கம்பெனி பஸ் இருந்தது. "சின்ன வண்டி போதும். நீலக் கலர்ல எடுங்க. எட்டுக்கு மேல போகாதீய" என்பது போனில் வந்த உத்தரவு.

இதில் நான் ஒரு காரியம் செய்திருந்தேன். அக்காவைக் கேட்கவேண்டும் என்று எழுந்தவனிடம் விற்பனையாளர், "ப்ளூ ஒண்ணே ஒண்ணுதான் சார் இருக்கு. சாயங்காலம் ஒரு பார்ட்டி வராங்க" என்றார். நான் மறுபடி உட்கார்ந்து, விலையை மட்டும் அக்காவைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லி, ஐயாயிரம் ரூபாய் கொடுத்து அந்த வண்டியைப் புக் செய்துவிட்டேன். ரசீதை மடித்துப் பர்ஸில் வைத்தேன். மனைவியிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாளும் அதற்கு மறுநாளும் விற்பனையாளர் போன் செய்தார். "அக்கா என்ன சொன்னாங்க சார்?" அக்கா யோசிக்கிறார்கள் என்றேன். மூன்றாவது முறை, "மேனேஜரே அவங்களோட நேர்ல பேசிக்கறேன்றார். சனிக்கிழமை கூட்டிட்டு வந்துடுங்க" என்றார்.

அன்று மதியம் சாப்பிட்டு முடித்து, கூட்டம் கலைந்த பிறகு மெஸ் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். ரசத்தை மூடி வைத்துக்கொண்டே கேட்டவர், தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"நான் இன்னாத்துக்குப்பா? கார்ல உக்காந்ததே நாலு தபா. அதுவும் மத்தவங்க கல்யாணத்துக்கு."

"நீங்க வந்து உக்காந்தா போதும்க்கா."

"உக்காந்தா மட்டும் போதும்னா உங்க மேஸ்திரிய இட்டுனு போ." கொஞ்சம் யோசித்தார். "சரி, வரேன். ஆனா ஒண்ணு. பொய் சொல்ல மாட்டேன். நீ யாருன்னு கேட்டான்னா உள்ளத சொல்லிடுவேன். கேக்காத வரிக்கும் வாயத் தொறக்க மாட்டேன்."

சனிக்கிழமை மதியப் பந்தி முடிந்ததும் என் பைக்கில் கிளம்பினோம். ரசீதைப் பற்றி வழியில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். லாரிகளுக்கு நடுவே பின்னால் உட்கார்ந்து அவர் "பாத்து, பாத்து" என்று சொல்லிக்கொண்டே வந்ததில் சொல்லாமல் விட்டேன்.

ஷோரூமில் விற்பனையாளர் எழுந்து நின்று வரவேற்று, விலைத் தாளை அக்கா முன் வைத்தார். அக்கா அதைத் திருப்பித் தள்ளினார்.

"எனக்கு இங்கிலீஸ் வராது சார். மேலேர்ந்து ஒண்ணொண்ணா படிங்க. தமிழ்ல."

அவர் படிக்கத் தொடங்கினார். வண்டி விலை, ரோடு டாக்ஸ், பதிவுக் கட்டணம். அதற்கெல்லாம் அக்கா தலையாட்டினார். நான்காவது வரியில் நிறுத்தினார்.

"ஒம்போதாயிரத்து ஐநூறா? இது இன்னாது?"

"ஹேண்ட்லிங் சார்ஜ் மேடம்."

"அப்டின்னா?"

"ஃபேக்டரிலேர்ந்து வண்டிய இங்க கொண்டாரது, கழுவறது, பாலிஷ் போடறது..."

"ஃபேக்டரி எங்க கீது?"

விற்பனையாளர் கையை ரோட்டுப் பக்கம் காட்டினார். ஃபேக்டரி பக்கத்திலேயேதான் இருந்தது. புதுக் கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிய நீள லாரி ஒன்று அப்போது நிஜமாகவே கடந்து போனது. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"நான் மண்டில அரிசி எடுக்கறேன் சார்" என்றார் அக்கா. "மண்டிக்கு வந்து எறங்கற கூலி அவனுது. அங்கேர்ந்து என் வூட்டுக்கு வர கூலி என்னுது. அவன் கூலிய என் தலைல கட்டுனா நான் வேற மண்டிக்குப் போவேனா மாட்டேனா?"

விற்பனையாளர் மேனேஜரைக் கேட்கப் போனார். வந்து அந்த வரியை அடித்தார். அடுத்தது இருபத்திரண்டாயிரத்துக்கு அலங்காரச் சாமான்கள். சீட் கவர், ஸ்டியரிங் கவர், வாசனை பாட்டில், கதவு ஓரத்துக்கு ஒரு பட்டி.

"சீட்டு இல்லாமலா வண்டி வருது? அதுக்கு மேல ஒரு சட்ட வேறயா?"

அந்த வரியும் போனது. இன்சூரன்ஸ் முப்பத்தெட்டாயிரம் என்று இருந்தது. இதற்கு நானே போனில் வெளி விலை எடுத்து வைத்திருந்தேன். பத்தாயிரம் குறைவு. அதைக் காட்டியதும் எதிர்ப்பேச்சில்லாமல் இறங்கி வந்தார்கள். எட்டு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து ஐநூறு. அந்தத் தாளில் எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் மொத்தத் தொகைதான் என்பது அப்போதுதான் உறைத்தது. நாள் முழுக்க மெஷினைப் பிரித்துப் பிரித்துப் பார்க்கிறவன், இந்தத் தாளைப் பிரித்துப் பார்க்கவில்லை.

கண்ணாடித் தடுப்பைத் திறந்துகொண்டு மேனேஜரே வெளியே வந்தார். ஐம்பது வயதுக்காரர், மரியாதையாகப் பேசினார்.

"சொல்லுங்க மேடம். எவ்வளவுல முடிக்கலாம்?"

"எட்டு. அதுக்கு மேல ஒரு ரூபா இல்ல."

"முடியாது மேடம். இந்த ரெண்டாயிரத்து ஐநூற வேணா விட்டுடறேன்."

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார். "வாப்பா. ஸ்ரீபெரும்புதூர்ல இன்னொரு கடை கீதாம், அங்க பாக்கலாம்."

நான் எழவில்லை. எழ முடியவில்லை.

"சார் செவ்வாக்கிழமையே புக் பண்ணிட்டாரே மேடம்" என்றார் மேனேஜர், மெதுவாக.

அக்கா என்னைப் பார்த்தார். ஏழு வருடத்தில் அப்படி ஒருமுறைகூட என்னைப் பார்த்ததில்லை. பிறகு உட்கார்ந்தார்.

"எவ்ளோ குடுத்த?"

"அஞ்சாயிரம்க்கா."

"சீட்டு கீதா?"

பர்ஸிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். "என்கிட்ட ஏன் குடுக்கற? படி" என்றார். அடியில் பொடி எழுத்தில் இருந்ததை நான் அதுவரை படித்திருக்கவில்லை. ஏழு நாளுக்குள் ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பத் தரப்படும் என்று போட்டிருந்தது.

"செவ்வா, புதன், வியாழன், வெள்ளி, சனி" என்று விரல் மடக்கினார். "அஞ்சுதான் ஆவுது. குடுத்துடுங்க சார். இவன் அவசரத்துல கட்டிட்டான்."

நான் அனுப்பிய அந்த நீல வண்டியின் படத்தை என் மனைவி போன் முகப்பில் வைத்துவிட்டாள். மகள் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் காட்டிவிட்டாள். 'விட்டுருங்கக்கா' என்று வாய் வரைக்கும் வந்தது. அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

மேனேஜர் உள்ளே போய் யாருக்கோ போன் செய்தார். அவருக்கும் கேட்பதற்கு மேலே ஓர் ஆள் இருந்தார் போல. திரும்பி வந்து, "எட்டு ஆறு. ஃப்ளோர் மேட், மட் ஃப்ளாப் ஃப்ரீயாப் போட்டுத் தரேன்" என்றார்.

அக்கா அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டார். "உங்களுக்கு இதுல எதுனா லாபம் நிக்குதா சார்?"

மேனேஜர் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. "கொஞ்சம் நிக்குது மேடம்."

"நிக்கட்டும். பில்லு போடுங்க."

படிவம் நிரப்பும்போதுதான் மேனேஜர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். "தப்பா நெனைக்காதீங்க. மேடம் பேசறது இந்த ஊரு. சார் வாயத் தொறந்தா தூத்துக்குடி. எப்படி அக்கா தம்பி?"

"நான் மெஸ் வச்சிகினு கீறேன் சார்" என்றார் அக்கா, கொஞ்சமும் தயங்காமல். "ஏழு வருசமா என் கையாலதான் துன்றான். அவங்க ஆத்தாகூட சேந்தாப்ல இவ்ளோ நாளு போட்டிருக்க மாட்டா."

மேனேஜர் உரக்கச் சிரித்தார். விற்பனையாளர் முகம்தான் ஒரு மாதிரி ஆனது. அவரை நான்கு நாள் அக்கா பேரைச் சொல்லி அலைக்கழித்திருக்கிறேன் அல்லவா!

வெளியே வந்ததும், இன்னும் ஆறாயிரம் குறைந்திருக்குமே என்று கேட்டேன்.

"கொறஞ்சிருக்கும். நாளைக்கு வண்டில சத்தம் வருதுன்னு போய் நிப்ப. அந்த மனுசன் மூஞ்சி குடுத்துப் பேச வேணாவா?" சொல்லிவிட்டு அடுத்த வார்த்தையிலேயே குரல் மாறியது. "அது கெடக்கட்டும். காசு கட்டுனத என்கிட்ட ஏன்டா சொல்லல? நான் எழுந்துகினு போறேன், நீ கல்லு மாரி உக்காந்துகினு கீற. அத்தினி பேர் எதிர்ல எனக்கு எவ்ளோ அசிங்கம்!"

வழியெல்லாம் பேசவில்லை. இரண்டு நாள் மெஸ்ஸிலும் பேசவில்லை. சோற்றைப் போடுவார், குழம்பை ஊற்றுவார், அடுத்த ஆளிடம் போய்விடுவார். மூன்றாம் நாள் நான் கேட்காமலேயே என் தட்டில் ஒரு ஆம்லெட் விழுந்தது. சரியாகிவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

வண்டி எடுத்த அன்று நாலு எலுமிச்சம்பழத்தோடு வந்து நின்றார். எங்கள் அம்மா ஊரிலிருந்து அனுப்பிய ஜெபமாலை ஏற்கனவே கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருந்தது. "அது மேல இருந்து பாத்துக்கட்டும், இது கீழ இருந்து பாத்துக்கும்" என்று டயருக்கு ஒன்றாக வைத்தார். அன்றே குன்றத்தூர் மலைக்கோயிலுக்குப் போகவேண்டும் என்றார். ஊர்ந்து ஊர்ந்து நான் ஓட்ட, பின் சீட்டில் கணவரோடு உட்கார்ந்து, வழியில் தெரிந்தவர்களைக் கண்டால் கண்ணாடியை இறக்கச் சொன்னார்.

அடுத்த வாரம் மனைவியும் மகளும் தாம்பரத்தில் ரயிலை விட்டு இறங்கினார்கள். வீட்டுக்குப் போகும் முன் நேராக மெஸ்ஸுக்குத்தான் கூட்டிப்போனேன். இனி நான் இங்கே தினமும் சாப்பிட வரமாட்டேன் என்பது அக்காவுக்கும் எனக்கும் தெரியும். மகளுக்கு இட்லியைப் பிட்டு வைத்துக்கொண்டிருந்தவரிடம் என் மனைவி சாதாரணமாகச் சொன்னாள்: "எங்க அத்தான் தூத்துக்குடில இதே வண்டிய எட்டுக்குத்தான் எடுத்தாவக்கா."

அக்காவின் கை நின்றுவிட்டது. "எட்டுக்கா? இதே வண்டியா?"

"இதேதான். ஆனா இதுக்குக் கீழ உள்ள மாடல்."

"அடிப் பாவி, அத மொதல்ல சொல்ல மாட்ட? என் உயிரே பூட்டுது!"

பிறகு இரண்டு பேரும் என் எதிரிலேயே என்னைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். ஐயாயிரம் ரூபாய்க் கதையை மனைவி முதன்முதலாகக் கேட்டது அங்கேதான். நான் எழுந்து கை கழுவப் போனேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் என் மனைவி ஓட்ட, அக்கா முன் சீட்டில் உட்கார்ந்து படப்பைக்குக் காய் வாங்கப் போகிறார்கள். நானும் மகளும் பின்னால். திரும்பும்போது டிக்கி நிறைய வெங்காய மூட்டை. திங்கட்கிழமை காலை டிக்கியில் கிடக்கும் வெங்காயச் சருகைப் பெருக்கிக்கொண்டே, "காரா இது, கோயம்பேட்டு லாரி" என்று என் மனைவி திட்டுவாள். அடுத்த ஞாயிறு அவளே போனை எடுத்து, "அக்கா, கெளம்பிட்டீயளா?" என்று கேட்பாள்.