லுக்னகுவில்லாவில் விமலராணி

டென்மார்க்கிலுள்ள எங்கள் வைலே நகரத் தமிழ்ச் சங்கம் எங்கே போனாலும் சோற்றுக் கிடாரம் முன்னால் போகும். கடற்கரைக்குப் போனாலும் போகும், காட்டுக்குப் போனாலும் போகும். போன வருடம் அயர்லாந்தின் விக்லோ மலைத்தொடருக்குப் போனபோது, விமானத்தில் கிடாரம் ஏற்ற முடியாதே என்று தலைவர் பரமானந்தம் பெரிதாகக் கவலைப்பட்டார். தங்கப்போகும் வீட்டில் பெரிய பாத்திரங்கள் இருக்கின்றன என்று உறுதியான பிறகுதான் பயணச்சீட்டே எடுத்தார். மலை எவ்வளவு உயரம் என்று அவர் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

அந்தப் பயணமே விமலராணியின் யோசனை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வேறு யாரும் சொல்லப்போவதில்லை.

விமலராணி என்னோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள். ஐம்பதைத் தாண்டியவள். சீனி வருத்தம் வந்தபோது டொக்டர் அவளை நடக்கச் சொன்னார். எங்களில் பலருக்கும் அப்படிச் சொன்னார்கள்தான். நாங்கள் ஒரு கிழமை நடந்துவிட்டுச் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டோம். அவள் விடவில்லை. மழையிலும் பனியிலும், வேலை முடிந்த களைப்போடு, ஃபியோர்ட் என்கிற கடலேரியின் கரை மேடுகளில் ஏறி இறங்கினாள். எங்களோடு வேலை செய்யும் மாக்கிரட் என்ற டெனிஷ்காரி, தான் ஏறிய லுக்னகுவில்லாவின் படத்தை ஒருநாள் காட்டினாள். விக்லோவில் ஆக உயர்ந்த மலை அதுதான். டென்மார்க்கில் மலை என்று பெயர் வைத்திருப்பதெல்லாம் வெறும் மேடு. அன்றிலிருந்து விமலராணிக்கு வேறு கதையில்லை, ஒருதரமாவது உண்மையான மலையில் ஏறவேண்டும்.

அவள் அதைப் புருஷன் செல்வரட்ணத்திடம் சொன்னாள். அவர் சங்கக் கூட்டத்தில் தன் யோசனையாக எடுத்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளோ, யார் சொன்னால் என்ன, போனால் சரி என்றாள்.

அங்கே போய் இறங்கியதும் மழை. மழையில்லாத ஒரே நாள் கடைசி நாள்தான். அதற்கு முதல்நாள் சாப்பிடும்போது பரமானந்தம் திட்டத்தைச் சொன்னார். பாதை சேறாம், வழுக்குமாம், ஆண்கள் மட்டும் ஏறுவார்களாம். பெண்கள் இறைச்சிக்கறியைச் சுடச்சுட வைத்திருந்தால் இறங்கி வந்து சாப்பிடலாமாம். இரண்டாம் மாடிக்கு லிஃப்ட் தேடும் மனிதர் சொல்கிறார்!

"நானும் வாறன்" என்றாள் விமலராணி.

செல்வரட்ணம் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நீர் வந்தால் ஆர் சமைக்கிறது?"

காலையில் அவர்கள் பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த புதுச் சப்பாத்துகளோடு புறப்பட்டுப் போனார்கள். விமலராணி இறைச்சிக்குத் தூள் போட்டுப் பிரட்டினாள். பிறகு என்ன நினைத்தாளோ, அப்படியே மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுக் கையைக் கழுவினாள். வருகிறாயா என்று, அவளோடு சமையலுக்கு நின்ற என்னிடம் கேட்டாள். போனேன்.

ஈரப்புல், கரிய சேறு, எங்களைக் கணக்கிலெடுக்காத ஆடுகள். பாதிவழியில் ஆண்கள் கல்லுகளில் குந்தியிருந்தார்கள். செல்வரட்ணம் சப்பாத்தைக் கழற்றிக் கொப்புளத்தைத் தடவிக்கொண்டிருந்தார். மனைவியைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்ததே, கலியாண நாளில்கூட அப்படி மலர்ந்திருக்காது.

"சாப்பாடு கொண்டு வந்தனீரோ?"

அந்த மனிதரை அங்கேயே உருட்டிவிடலாம் போல எனக்கு இருந்தது. இவ்வளவு தூரம் ஒருத்தி ஏறி வந்திருக்கிறாள், அவருக்கு அவள் சாப்பாட்டுப் பெட்டி.

"இறைச்சி ஃபிரிட்ஜில கிடக்கு" என்றாள் விமலராணி. "பசிச்சால் இறங்கிப் போய்ச் சமையுங்கோ."

அந்த வழியாக ஏறிக்கொண்டிருந்த ஒரு ஐரிஷ் தம்பதியோடு சேர்ந்து அவள் மேலே போனாள். என் முழங்கால் அதற்குமேல் விடவில்லை. அவள் முகிலுக்குள் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். ஆண்கள் அந்தக் கல்லுகளில் நின்று படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து பாணும் ஜாமும் சாப்பிட்டார்கள். இறைச்சியை ஒருவரும் தொடவில்லை.

பின்னேரம் அவள் முழங்கால்வரை சேற்றோடு வந்தாள். உச்சி தட்டையான புல்வெளி என்றும், முதலில் முகில் ஒன்றையும் காட்டவில்லை என்றும், பிறகு அது விலகி மலைக்குப் பின்னால் மலையாகத் தெரிந்தது என்றும் சொன்னாள். சொல்லும்போது அழுதாள். எனக்கும் அழுகை வந்தது.

இலையுதிர்காலத்தில் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். பரமானந்தம் அந்தக் கல்லுப் படத்தைத் திரையில் போட்டு, நம்மவர்கள் விக்லோ மலையை வென்றார்கள் என்றார். களைத்து வந்தவர்களுக்குச் சுடச்சுடச் சமைத்துப் போட்ட மகளிருக்கு நன்றி என்றும் சொன்னார். மண்டபம் கைதட்டியது. செல்வரட்ணமும் தட்டினார்.

விமலராணி எழும்பினாள்.

"அண்டைக்கு ஒருத்தரும் சமைக்கேல்லை. இவை பாதியில திரும்பினவை. உச்சியில நிண்டது நான்."

சொல்லிவிட்டுத் தன் இடத்தில் இருந்தாள். பரமானந்தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, சாப்பாட்டு நேரமாகுது. பொம்பிளையள் வந்து பரிமாறுங்கோ" என்றார்.

ஒருத்தியும் எழும்பவில்லை.