நாப்லா வெறுங்காலோடு வந்த வழி

எங்கள் தீவில் நடமாடுகிறவர்களில் பாதிப் பேர் மருத்துவச்சி நாப்லாவின் கையில் பிறந்தவர்கள். அவளைப் பற்றி நான் பேசினால் அளக்கிறேன் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், கண்ணால் பார்த்தவன் நான்.

அப்போது நான் எதிர்க்கரைப் பெருநிலத்துக்காரன், ஆணி அடித்த பூட்ஸ் போட்டு வளர்ந்தவன். தலைப்பிரசவத்துக்காக என் மனைவி டீலியாவை இந்தத் தீவில் அவள் தாய்வீட்டில் விட வந்து மூன்று நாள்கூட ஆகவில்லை. விடியும்போது வலி எடுத்துவிட்டது. நாப்லா இருந்தது பக்கத்துச் சின்னத் தீவில். கடல் வற்றினால் நடுவே பாறை தெரியும், நடந்து போகலாம். நான் பாறை வழியே ஓடி அவள் வீட்டை அடைந்ததுமே, திரும்பும் வழியில் கடல் ஏறிவிட்டது. இருந்த அலைக்குப் படகும் இறக்க முடியாது.

அவள் அப்போதுதான் இன்னொரு பிரசவம் முடித்துத் திரும்பியிருந்தாள்.

"முதப் புள்ள, சாயங்காலம் வரைக்கும் தாங்கும். கடல் வத்தினதும் எழுப்பு, மாப்ள" என்று படுத்துவிட்டாள்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவளுடைய பதப்படுத்தாத பச்சை மாட்டுத்தோல் செருப்பு வாளித் தண்ணீரில் கிடந்தது. ஏதாவது உதவி செய்வோமே என்று எடுத்து அடுப்போரம் காயவைத்தேன்.

பிற்பகலில் கடல் வற்றியதும் எழுப்பினேன். எழுந்தவள் அதைத் தட்டிப் பார்த்தாள். மரக்கட்டையாக விறைத்திருந்தது.

"வறுத்தே வச்சுட்டியா? இது ஊறுனாத்தான்டா செருப்பு. இனி ராத்திரி பூரா ஊறணும்."

எனக்கு உயிரே போய்விட்டது. என் பூட்ஸைக் கழற்றி நீட்டினேன்.

"பாசியில ஆணி வழுக்கும். நான் இடுப்பொடிஞ்சு கிடந்தா உன் பொண்டாட்டிக்கு யாரு பிரசவம் பாக்குறது?"

பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெறுங்காலோடு இறங்கினாள். எந்நேரமும் ஈரத்தோலுக்குள் இருந்த பாதம், குழந்தைப் பாதம் போல மெத்தென்று இருந்தது. பாறை முழுக்கக் கத்தி முனையாகச் சிப்பி. நானும் பூட்ஸைத் தூக்கிப்போட்டுப் பின்னால் தவழ்ந்தேன். அவள் கால் வைத்த இடமெல்லாம் சிவப்பு. நின்று ஒரு முறைகூடக் குனிந்து பார்க்கவில்லை. அப்படி ஒரு நடையை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

மாமியார் வீட்டுக்குள் போனதும் அவள் குரல் கேட்டது: "புள்ள தலைக்குப் பதிலா கால நீட்டிக்கிட்டு வருது, கழுத. இரு, இரு, வழி சொல்றேன்."

இருட்டுவதற்குள் குழந்தை அழுதது. நாப்லா வெளியே வந்து வாசலில் உட்கார்ந்தாள். வெந்நீர் கொண்டுவந்து அவள் காலடியில் மண்டியிட்டேன். ஒவ்வொரு சிப்பித் துண்டாக எடுக்க எடுக்க அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"என் கால விடு. உள்ள உம் பொண்டாட்டி கூப்புடுறா, காதுல விழலையா?"