கண்ணாடி போட்ட காளி

மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தபோது வேலையிலிருந்தேன். அவள் வரைந்த படம் ஒன்றைப் பற்றிப் பேச வேண்டுமாம். மில்லிக்கனில் இருந்த அந்தப் பள்ளிக்கு எப்படிக் கார் ஓட்டி வந்தேன் என்று தெரியாது. ஒரு படத்துக்காக யாராவது தாயைக் கூப்பிடுவார்களா?

படம் மேசையில் கிடந்தது. வீட்டில் மிகப் பலசாலி யார் என்று வரையச் சொன்னார்களாம். எட்டு வயது மகள் எங்கள் சாமியறைக் காளியை வரைந்திருந்தாள். கறுப்பு உடம்பு, தொங்கும் நாக்கு, தலைமாலை, கத்தி. எல்லாம் சரி. காளியின் மூக்கில் மட்டும் என் கண்ணாடி!

"ஆரைப் பிள்ளை கீறினனீ?" என்று பக்கத்தில் இருந்த மகளிடம் மெல்லக் கேட்டேன்.

"உங்களைத்தான் அம்மா."

எதிரே இருந்த ஆலோசகர் பெண்மணி அன்பாகச் சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் என்னைப் பயப்படுத்தியது. பள்ளிக்கூடம் சொல்லி யாரோ வீட்டுப் பிள்ளையை அரசாங்க ஆட்கள் கொண்டுபோய்விட்டார்கள் என்று கோயிலில் காதோடு காதாகப் பேசிய கதைகளெல்லாம் ஞாபகம் வந்தன.

இது தெய்வம் என்று அவசரமாகத் தொடங்கினேன். தலைகள் அசுரர்களுடையவை, மனிதரின் ஆணவம் என்று அர்த்தம். நாக்கு, அசுரனின் இரத்தம் நிலத்தில் சிந்தாமல் குடிப்பதற்கு. குடிப்பதற்கு என்றதும் அவருடைய பேனை எழுதத் தொடங்கியது. காலுக்குக் கீழே கிடப்பவர் யார் என்று கேட்டார்.

அவளுடைய கணவர் என்று சொல்லிவிட்டேன். எங்கள் ஆட்களில் ஒருவரும் திடுக்கிடாத விஷயம். ஆலோசகர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். சிவபெருமானை விளக்கப்போய் இன்னும் குழப்பினேன். சும்மா இருந்திருக்கலாம்.

பிறகு அவர், காளி உயர்த்தியிருந்த வலது கையைத் தொட்டு, இந்தக் கை என்ன செய்கிறது என்று மகளிடம் கேட்டார்.

அது அபயக் கை. அஞ்சாதே என்று சொல்லும் கை. ஆனால் அதன் உள்ளங்கையை மகள் சிவப்பாகத் தீட்டியிருந்தாள். செவ்வாய்க்கிழமை, கணக்குக் கொப்பியை ஒளித்து வைத்ததற்காக அவள் கன்னத்தில் விழுந்ததும் என் வலது கைதான். கையை மடிக்குள் இழுத்துக்கொண்டேன்.

மகள் என்னைப் பார்த்தாள். பிறகு படத்தைப் பார்த்து, பயப்படாதே என்று சொல்கிறது என ஆங்கிலத்தில் தெளிவாகச் சொன்னாள். ஆலோசகர் பேனையை மூடினார்.

காரில் ஏறியும் என்னால் வண்டியை எடுக்க முடியவில்லை. அவ்வளவு வெட்கமாக இருந்தது. பின் இருக்கையிலிருந்து அவள் மெல்லக் கேட்டாள்.

"அம்மா, நான் சரியாத்தானே சொன்னனான்?"